தோட்டத்துப் பூஞ்சைகள்: இலைப்புள்ளி முதல் புல்தரைக் காளான் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் பூஞ்சையைக் கண்டதும் பெரும்பாலோரின் கை முதலில் போவது மருந்துத் தெளிப்பானிடம்தான். செடி வளர்க்கப் புதிதாக இறங்கிய பலருக்குப் பக்கத்தில் நின்று உதவியிருக்கிறேன். அவர்கள் செய்யும் வேலைகளைவிட, அவற்றைச் செய்யும் வரிசையில்தான் பிழை அதிகம் நேர்கிறது. என்ன நோய் என்று பார்ப்பதற்கு முன்பே வெட்டுகிறார்கள், வெட்டுவதற்கு முன்பே மருந்தடிக்கிறார்கள், மருந்தடித்த புல்தரையில் மறுவாரம் முளைத்த காளானைச் சமைக்கலாமா என்று கேட்கிறார்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி முடிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. ஆகையால் இடையில் தாவ வேண்டாம்.

1. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

10 மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ், கூர்மையான கத்தி, கவாத்துக் கத்தரி, மண் கிளறும் சிறு கரண்டி, 70 விழுக்காடு ஆல்கஹால், பழந்துணி, காகிதப் பைகள், பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான ஒரு தாள், கண்ணாடித் தம்ளர், குறிப்பேடு ஆகியவை போதும். கத்தரியைச் சுத்தம் செய்யப் பலர் பிளீச்சிங் கரைசலைச் சொல்வார்கள். அது இரும்பை அரிக்கும், ஊறவைக்கவும் நேரம் பிடிக்கும். ஆல்கஹால் துடைத்தவுடன் வேலை செய்வதால், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே சலிக்காமல் துடைக்க முடிகிறது. காளானைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகி, அடையாளங்கள் கெட்டுவிடும். காகிதப் பை கேட்பது அதனால்தான்.

இந்தப் பொருள்களைவிட முக்கியமான முன்னேற்பாடு ஒன்று உண்டு. தோட்டத்தில் எந்தப் பகுதியில் மருந்தடிப்பீர்கள், எந்தப் பகுதியில் ஒருபோதும் அடிக்க மாட்டீர்கள் என்பதை முதலிலேயே பிரித்துக் குறிப்பேட்டில் வரைந்துவிடுங்கள். காளான்கள் தாம் வளரும் மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. தாமிர மருந்தோ களைக்கொல்லியோ விழுந்த இடத்திலும், வாகனப் புகை படியும் சாலையோரத்திலும் முளைக்கும் காளான் எவ்வளவு நல்ல இனமாக இருந்தாலும் உண்பதற்கு உரியதன்று. தெளிப்பானை எடுக்கும் நாளிலேயே அந்த இடத்துக் காளானைக் கைவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

2. பூஞ்சைதானா என்று முதலில் உறுதி செய்தல்

ஈரத்துணியால் இலையைத் துடைத்துப் பாருங்கள். கரிபோன்ற கறுப்புப் படலம் முழுதாகத் துணியோடு வந்து, அடியில் இலை பச்சையாகவே இருந்தால், அது இலைக்குள் நுழையாத கரும்பூசணம். மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியவை கழிக்கும் இனிப்பு நீரின்மேல் அது வளர்கிறது. தண்டில் எறும்புகள் ஏறி இறங்குவது இன்னொரு அடையாளம். இதற்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்பது வீண். பூச்சியை ஒழித்தால் கறுப்பு தானாகவே உதிரும். ஒரு நண்பர் எலுமிச்சைச் செடிக்கு இரண்டு மாதம் விடாமல் தாமிர மருந்து தெளித்துவிட்டு, மருந்தே போலி என்று கோபித்துக்கொண்டிருந்தார். இலையைத் திருப்பிக் காட்டினேன், அடிப்பக்கம் முழுவதும் வெள்ளை ஈ.

மூடாக்கின்மேல் ஒரே இரவில் மஞ்சள் நுரைபோலப் பொங்கிக் கிடப்பது கோழைப்பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருந்தாலும் அது பூஞ்சை இனமே அன்று. செடிக்கு ஒரு தீங்கும் செய்யாது, சில நாட்களில் காய்ந்து தூளாகும். மரப்பட்டையில் சாம்பல் பச்சைத் தேமல்போல ஒட்டியிருக்கும் லைக்கன்களும் மரத்துக்குத் தீங்கு செய்யாதவையே. அவற்றைச் சுரண்டுவதால் பட்டைக்குக் காயம் ஏற்படுவதுதான் மிச்சம்.

3. நோயை அது இருக்கும் இடத்தைக் கொண்டு அடையாளம் காணல்

இலையின் மேற்பரப்பில் மாவு தூவியதுபோல இருந்தால் சாம்பல் நோய். அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் வெடித்து, விரலில் தூள் ஒட்டினால் துரு நோய். ரோஜா இலையின் மேல், விளிம்பு இறகுபோலச் சிதைந்த கரும்புள்ளிகளும் அவற்றைச் சுற்றி மஞ்சளும் தோன்றி, கீழிலைகளிலிருந்து உதிரத் தொடங்கினால் கரும்புள்ளி நோய். வெட்டிய நுனியிலிருந்து தண்டு கறுத்துக்கொண்டே கீழே இறங்கினால் நுனிக்கருகல். மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகுபோன்ற பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் தண்டின் அடியழுகல். இதை 7ஆம் படியில் தனியாகப் பார்ப்போம்.

பெயர் தெரிய வேண்டியதற்குக் காரணம், ஈரத்தை இவை நடத்தும் விதம் வேறு வேறு. கரும்புள்ளியின் வித்து (பூஞ்சையைப் பரப்பும் நுண்தூள்) முளைத்து இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து சுமார் 7 மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். சாம்பல் நோயோ காற்றில் ஈரப்பதம் இருந்தாலே பரவும். இலைமேல் நீர்த்துளி நின்றால் அதன் வித்துகள் சரியாக முளைப்பதுகூட இல்லை. ஆகவே, மழையில்லாத நாட்களில் பரவும் வெள்ளை மாவைக் கண்டு குழம்ப வேண்டாம்.

4. வெட்டுதல், பொறுக்குதல்

மருந்துக்கு முன் கவாத்து. பூஞ்சைக்கொல்லிகளில் பல, இன்னும் தொற்றாத இலையைக் காப்பவையே தவிர, உள்ளே இறங்கிவிட்ட பூஞ்சையை வெளியேற்றுபவை அல்ல. நோயுற்ற பகுதியை வைத்துக்கொண்டு மருந்தடித்தால், ஒருபுறம் வித்து உற்பத்தியாக, மறுபுறம் அதைத் தடுக்கச் செலவழித்துக்கொண்டே இருப்பீர்கள்.

வானம் தெளிந்து இலை உலர்ந்திருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஈரத்தில் வெட்டினால், கையும் கத்தரியுமே வித்தைப் பரப்பும். நுனிக்கருகல் உள்ள கிளையில் கறுப்பு முடியும் இடத்தில் வெட்டுவதுதான் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. கறுப்பு முடிந்த இடத்துக்குக் கீழே 5 செ.மீ. தள்ளி வெட்டி, வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள். நடுச்சோறு வெண்மையாகவும் பட்டையின் உட்புறம் பசுமையாகவும் இருந்தால் சரி. நடுவில் தேநீர்க் கறைபோலப் பழுப்பு தெரிந்தால், வெளியே பட்டை பச்சையாக இருந்தாலும் பூஞ்சை அங்கே வந்துவிட்டது என்று பொருள். கத்தரியைத் துடைத்துவிட்டு இன்னும் இறங்கி வெட்டுங்கள். ஒரு கிளைக்கு நான்கு வெட்டு விழுந்ததும் உண்டு. மனம் வராமல் மூன்றாவதோடு நிறுத்தியவர்கள் அடுத்த மாதம் முழுக்கிளையையும் இழந்தார்கள்.

கடைசி வெட்டு, வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்கு அரை செ.மீ. மேலே சாய்வாக இருக்கட்டும். அதிகக் குச்சி விட்டால் அது காய்ந்து, நுனிக்கருகல் மறுபடியும் அங்கேயே தொடங்கும்.

உதிர்ந்த இலைகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். அவற்றை வீட்டு மட்குக் குவியலில் போடாதீர்கள். வித்துகள் சாக, குவியலின் எல்லாப் பகுதியும் 55 பாகை செல்சியஸுக்கு மேல் சில நாட்கள் சூடாக வேண்டும். சிறிய குவியல்கள் அந்தச் சூட்டை எட்டுவது அரிது.

5. ஈரத்தை ஒழுங்குபடுத்துதல்

நீரை இலையில் அல்லாமல் வேரடியில், மாலையில் அல்லாமல் காலையில் ஊற்றுங்கள். மாலையில் நனைந்த இலை இரவு முழுதும் உலராது. மேலே சொன்ன 7 மணி நேரத்தை நாமே கொடுத்ததாகிவிடும். செடியின் நடுவில் குறுக்கே வளரும் கிளைகளை நீக்கினால் காற்று ஊடுருவி, இலை விரைவில் உலரும். இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த படியே தேவைப்படவில்லை என்பது என் அனுபவம்.

6. மருந்து தேவைப்பட்டால்

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் கலந்து தெளிக்கலாம். வெப்பநிலை 32 பாகை செல்சியஸைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் உட்பட எந்த எண்ணெய் தெளித்திருந்தாலும், அதிலிருந்து இரண்டு வாரம் கழித்தே கந்தகம் அடிக்க வேண்டும். இரண்டும் இயற்கை மருந்துதானே என்று ஒன்றாகக் கலந்தவர்களின் செடிகள் இலையை மொத்தமாகக் கொட்டியதைக் கண்டிருக்கிறேன்.

இலைப்புள்ளிகளுக்கு 1 விழுக்காடு போர்டோ கலவை. ஒரு லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) 10 கிராம் சுட்ட சுண்ணாம்பும் வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் இரண்டு எடுத்து, ஒன்றில் அரை லிட்டர் நீரில் துத்தத்தைக் கரையுங்கள். மற்றொன்றில் சுண்ணாம்பில் சிறிது சிறிதாக நீர் தெளித்து நீற்றி, ஆறியதும் அரை லிட்டராக்கி வடிகட்டுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணுக்கும் கைக்கும் காப்பு தேவை. பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீருக்குள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் துகள்கள் பருத்துச் சீக்கிரம் படிந்துவிடும், இலையிலும் சரியாக ஒட்டாது.

தெளிப்பதற்கு முன் தேய்த்துத் துலக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் கலவையில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் இன்னும் தனியாக நிற்கிறது என்று பொருள். அது இலையைச் சுடும். செம்பு நிறம் படிவது நிற்கும் வரை சுண்ணாம்பு நீரைக் கூட்டுங்கள். செய்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். இளந்தளிர்களுக்குத் தாமிரம் ஒவ்வாமல் போகலாம் என்பதால், முதலில் ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். தாமிரம் மண்ணில் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும். மண்புழுக்களுக்கு அது ஆகாது. ஆகவே, வழக்கமாக அடிக்கும் மருந்தாக இதை ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

கவாத்து செய்த வெட்டுமுகங்களில் பூச, ஒரு லிட்டர் நீருக்குத் துத்தமும் சுண்ணாம்பும் தலா 100 கிராம் சேர்த்த போர்டோ பசை போதும்.

7. வேரும் தண்டின் அடியும்

நீர் இருந்தும் செடி வாடினால், மேலும் நீர் ஊற்றாதீர்கள். மண்ணைக் கிளறித் தண்டின் அடியைப் பாருங்கள். கடுகு உருண்டைகள் இருந்தால் அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி அகற்றுவதே வழி, ஏனெனில் அந்த உருண்டைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். வெயில் கடுமையான காலத்தில், ஈரப்படுத்திய மண்ணின்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை 4 முதல் 6 வாரம் இறுக்கி மூடிவைத்தால் மேல்மண் சூடேறி அவற்றில் பெரும்பகுதி அழியும்.

அதற்குப் பிறகே டிரைக்கோடெர்மா. இது நோய்ப்பூஞ்சையை உண்டு வாழும் மற்றொரு பூஞ்சை. ஈரமான மட்கிய தொழுவுரத்தில் கலந்து, நிழலில் ஒரு வாரம் பெருகவிட்டு மண்ணில் இட வேண்டும். தாமிர மருந்தை ஊற்றிய மறுநாள் இதை இடுகிறவர்கள் உண்டு. பூஞ்சைக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதம் தெரியாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு வார இடைவெளி வேண்டும். மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே பரப்புங்கள்.

பெரிய மரத்தின் அடியில் மெருகு பூசியதுபோல் செம்பழுப்பான அலமாரிக் காளான் ஒட்டியிருந்தால், அதைப் பெயர்த்தெடுப்பதால் பயனில்லை. அது வெளியே வரும் நேரத்தில் உள்மரம் பெருமளவு உளுத்திருக்கக்கூடும். மரம் சாயும் நிலையில் உள்ளதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பதே அவசரம்.

8. புல்தரைக் காளான்: ஒழிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். நாம் காண்பது மண்ணுக்குள் பரவியிருக்கும் இழைகளின் காய் மட்டுமே. புதைந்த மரக்கட்டையையோ பழைய வேரையோ அது மட்கச் செய்துகொண்டிருக்கும். குழந்தைகளும் நாயும் உலவும் இடமானால் காலையில் பிடுங்கி எறியுங்கள். அதோடு வேலை முடிந்தது. பூந்தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் முளைக்கும் சிறு குடைகளும் செடிக்குத் தீங்கற்றவை, ஆனால் உண்ணத் தகாதவை.

வட்டமாக முளைக்கும் காளான் மட்டும் விதிவிலக்கு. ஒரு புள்ளியில் தொடங்கிய இழை ஆண்டுதோறும் வெளிநோக்கி விரிவதால் வளையம் உண்டாகிறது. இழை சிதைத்து வெளியிடும் நைட்ரஜனால் ஒரு பட்டை கரும்பச்சையாகத் தழைக்கும். இழை அடர்ந்த மண்ணில் நீர் இறங்காததால் அடுத்த பட்டை காயும். இங்கே மருந்து பெரிதாக உதவாது. கவைக்கோலால் நெருக்கமாகத் துளையிட்டு, துளைகள் வழியே நீர் ஆழமாக இறங்கும்படி பல நாள் ஊற்றுவதே பலன் தரும்.

9. உண்ணும் எண்ணம் இருந்தால்: தோண்டுவதும் வித்துப்பதிவும்

காளானைப் பறிக்காதீர்கள், தோண்டி எடுங்கள். தண்டின் அடியில் முட்டையோடு போன்ற கிண்ணம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. உயிர்கொல்லிகளான அமானிட்டா இனங்கள் பலவற்றுக்கு அது உண்டு. தரையோடு ஒடித்தால் அந்த ஆதாரம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். புற்றுக்காளானின் அடியில் கறையான் கூடுவரை இறங்கும் நீண்ட வேர்போன்ற பகுதியும் ஒடித்தவர் கண்ணில் படாது.

அடுத்து வித்துப்பதிவு. நன்கு விரிந்த குடையைத் தண்டிலிருந்து வெட்டி, அதன் அடிப்பக்கத்துத் தகடுகள் கீழே இருக்குமாறு, பாதி வெள்ளையிலும் பாதி கறுப்பிலும் படியும்படி தாளின்மேல் வைத்து, உச்சியில் ஒரு துளி நீர் விட்டுத் தம்ளரால் மூடி இரவு முழுதும் விடுங்கள். வெண்ணிற வித்து வெள்ளைத் தாளில் தெரியாது என்பதற்காகத்தான் கறுப்புப் பாதி.

ஒருமுறை, செதில் படிந்த பெரிய வெள்ளைக்குடை ஒன்றைக் கொண்டுவந்தேன். தகடுகள் வெள்ளை, தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம், அடியில் கிண்ணம் இல்லை, மணமும் இனிமை. உண்ணத்தக்க பெருங்குடைக் காளான் என்று அன்று மாலை சத்தியமே செய்திருப்பேன். காலையில் தம்ளரைத் தூக்கினால், வெள்ளைத் தாளில் தகடு தகடாகக் கோடிட்டு, பாசி நீரைப் பிழிந்து உலர்த்தியதுபோன்ற மங்கிய பச்சை. அது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ், வெப்பநாடுகளின் புல்தரையில் மிகப் பலரை ஏமாற்றும் நச்சுக்காளான். உண்டால் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் வரும். அதன் தகடுகள் இளமையில் வெண்மையாகவே இருந்து, முதிர்ந்த பின்புதான் பச்சையாகின்றன. குழந்தைக் காளான்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

10. ஒப்பிட்டு விலக்குதல்

வித்தின் நிறம் ஒரு காளானை ஏற்கச் சொல்லாது. எதை விலக்க வேண்டும் என்றுதான் சொல்லும். வெள்ளையோ பச்சையோ வந்தால் புதியவர்கள் அங்கேயே நிறுத்திவிடலாம். துருப்பழுப்பு வந்தால் அந்தச் சிறு பழுப்புக் காளான்களைத் தொடரவே வேண்டாம். புல்தரையில் முளைக்கும் அவற்றுள், அமானிட்டாவின் அதே நஞ்சைக் கொண்டவை உண்டு.

சாக்லேட் பழுப்பு வந்து, தகடுகள் இளமையில் இளஞ்சிவப்பாக இருந்து கறுத்திருந்தால் அகாரிகஸ் இனம் (கடையில் விற்கும் மொட்டுக் காளானின் உறவு). இதிலும் ஒரு சோதனை மீதமுண்டு: தண்டின் அடியை வெட்டி நகத்தால் தேயுங்கள். பளிச்சென்று மஞ்சளாகிப் பினாயில் வாடை அடித்தால் வயிற்றைக் கெடுக்கும் இனம். வாடை அப்போது தெரியாவிட்டாலும் சட்டியில் சூடேறும்போது தெரியும்.

இளஞ்சிவப்பு வித்து, தண்டில் வளையம் இல்லை, அடியில் கிண்ணம் உண்டு என்றால் வைக்கோல் காளானாக இருக்கலாம். அதன் மொட்டும் அமானிட்டாவின் மொட்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் என்பதால், மொட்டு நிலையில் காட்டில் எடுத்ததை உண்பதில்லை என்று நான் வைத்திருக்கிறேன். இளஞ்சிவப்பு வித்துள்ள நச்சு இனங்களும் உண்டு.

வளையமாக முளைக்கும் உண்ணத்தக்க மராஸ்மியஸ் ஓரியாடிஸின் தகடுகள் இடைவெளிவிட்டு அமைந்தவை. தண்டு முறுக்கினாலும் ஒடியாது. அதே புல்தரையில் அதே போல் வளையமிடும் வெண்மையான கிளிட்டோசைபி இனத்தின் தகடுகள் நெருக்கமாகத் தண்டின்மேல் இறங்கியிருக்கும். அதை உண்டவருக்கு விரைவிலேயே வியர்வையும் எச்சிலும் பெருகும். இரண்டும் கலந்தே முளைக்கக்கூடும் என்பதால் கூடையிலுள்ள ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

உருண்டைக் காளானை உச்சியிலிருந்து அடிவரை பிளந்து பாருங்கள். உள்ளே பன்னீர்க்கட்டிபோல் ஒரே சீரான வெண்மை இருக்க வேண்டும். குடையும் தண்டும் வரைந்ததுபோன்ற கோடு தெரிந்தால் அது அமானிட்டா மொட்டு. ஊதாக் கறுப்பு தெரிந்தால் நச்சு உருண்டை.

வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது, பூண்டு நிறம் மாறாவிட்டால் நல்லது, புழு தின்றிருந்தால் மனிதனும் தின்னலாம் என்பவை எல்லாம் பொய். அமானிட்டாவின் நஞ்சு வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அழியாது. ஒரே ஒரு காளான் வளர்ந்த ஒருவரைக் கொல்லப் போதும்.

11. முதல் முறை உண்பதும், அன்று எடுத்துவைக்க வேண்டியதும்

எல்லாச் சோதனையும் பொருந்தி, அந்த இனத்தைப் பல ஆண்டு உண்டு பழகிய ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சமைக்க வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்லும் செயலி அந்த ஒருவருக்கு ஈடாகாது. அதற்குத் தண்டின் அடியும் தெரியாது, வாசமும் தெரியாது. ஒரு வேளைக்கு ஒரே இனம், நன்றாக வெந்தது, இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம், மது கூடாது. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் உண்ணாமல் இருப்பது நல்லது.

சமைக்காத முழுக்காளான் ஒன்றை, அடிமண்ணோடு காகிதத்தில் சுற்றி, தேதியும் இடமும் எழுதிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உண்டு 6 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தியும் பேதியும், உடனே தொடங்குபவற்றைவிட ஆபத்தானவை. அமானிட்டா நஞ்சில், அது தணிந்து ஒருநாள் தேறியதுபோலத் தோன்றும்போதே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். தேறிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல், அந்தப் பொட்டலத்தையும் வித்துப்பதிவுத் தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த மாற்றமும் இல்லாமல் ஒரு வாரம் கழிந்தால் பொட்டலத்தை எறிந்துவிட்டு, தாளை மட்டும் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே போன்ற காளான் முளைத்தாலும், அதற்குப் புதிதாக ஒரு தாளும் தம்ளரும் எடுக்கத்தான் வேண்டும்.